பட்டறைக்குப் பிடியும் கைப்பிடியும் தேர்ந்தெடுப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கில், பிறை என்ற ஊரில் இருக்கும் எங்கள் பட்டறை சின்னது. இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு டிரில் பிரஸ், மூலையில் வெல்டிங், மூன்று வைஸ், நான்கு ஆள். பாலத்துக்கு அந்தப் பக்கம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஜிக் (வேலைப் பொருளை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும் சட்டம்), பிராக்கெட் என்று சில்லறை வேலைகள் செய்து கொடுக்கிறோம். மெஷின் வாங்குவதென்றால் மாதக்கணக்கில் யோசிப்போம். கட்டருக்கு நான்கு கடை ஏறி இறங்குவோம். பிளையர், கிளாம்ப், கைப்பிடி என்று வந்தால் மட்டும் ஹார்ட்வேர் கடையில் முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த எங்கள் பட்டறைப் பையனின் உள்ளங்கையைப் பார்த்தேன். ஊர்ப் பெயருக்கு ஏற்ற மாதிரி பிறை வடிவத்தில் ஒரு சிவந்த தழும்பு.

“எத்தனை நாளா தம்பி இது?”

“ரொம்ப நாளா இருக்குண்ணே. ராத்திரியில விரல் மரத்துப் போகுது.”

கிளினிக்கில் காட்டச் சொல்லி அனுப்பிவிட்டு, அவன் நாள் முழுக்கக் கம்பி வெட்டும் பிளையரை வெர்னியரில் அளந்தேன். பிடியின் நீளம் 85 மில்லிமீட்டர். பிளையரில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வெட்டு வாய் புதிது மாதிரிதான் இருந்தது. ஆனால் பிடியின் நுனி அவன் உள்ளங்கை நடுவிலேயே முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் அந்த நுனி, நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் இடத்தில் போய்க் குத்தியிருக்கிறது. அதற்கப்புறம் பிடி எதை வாங்கினாலும் கீழே சொல்லும் வரிசையில்தான் போகிறேன்.

முதல் படி: ஒரு நாள் முழுக்கக் கையைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பட்டறையில் ஒரு நாள் சும்மா நில்லுங்கள். யார் எதைப் பிடிக்கிறார்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக என்று எழுதுங்கள். பிடிப்பில் முக்கியமாக இரண்டு வகை. முழு உள்ளங்கையால் இறுக்கிப் பிடிப்பது ஒன்று: சுத்தியல், ஸ்பேனர், கிரைண்டர். விரல் நுனியால் பிடிப்பது மற்றொன்று: ட்வீசர், சின்ன ஸ்குரூ டிரைவர், டீபர் செய்யும், அதாவது வெட்டு விளிம்பின் பிசிறை நீக்கும் கத்தி. இரண்டுக்கும் வேண்டிய பிடி முற்றிலும் வேறு.

மூன்றாவதாக ஒன்றையும் எழுதுங்கள்: கை எங்கெல்லாம் கிளாம்ப் வேலை பார்க்கிறது, அதாவது பொருள் நகராமல் அழுத்திப் பிடிக்கிறது? என்னைக் கேட்டால் இந்தப் பட்டியல்தான் முக்கியமானது. பிடிப்பதற்குக் கஷ்டமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், பாதி நேரம் அங்கே கை பிடித்திருக்கவே கூடாது. நல்ல கைப்பிடி வாங்கி அதைச் சரிசெய்ய முடியாது.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். வேறொரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த காலம். 3 மில்லிமீட்டர் தகட்டைக் கையால் அழுத்திப் பிடித்து டிரில் பிரஸ்ஸில் துளை போட்டேன். துளை மறுபக்கம் திறக்கும் நொடியில் டிரில் பிட் தகட்டைக் கவ்வியது. தகடு காத்தாடி மாதிரி சுற்றியது. இடது கை ஆள்காட்டி விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. டிரில் மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றுகிறது. தகட்டையும் அதே திசையில்தான் இழுக்கும். அதனால் நீளமான தகட்டின் நீண்ட பக்கத்தை உங்கள் இடப்பக்கம் வைத்தால், கவ்வினாலும் அது பின்னால் போய் மெஷின் தூணில் முட்டி நிற்கும். வலப்பக்கம் வைத்தால் நேராக உங்கள் வயிற்றுக்கு வரும். இது அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான். கிளாம்ப் போடுவதுதான் வேலை.

இரண்டாவது படி: கையை அளந்துகொள்ளுங்கள்

அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ், கலிபோர்னியா மாநில அமைப்போடு சேர்ந்து 2004இல் கைக்கருவித் தேர்வுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. அதில் உள்ள அளவுகளைத்தான் எங்கள் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். இறுக்கிப் பிடிக்கும் ஒற்றைப் பிடிக் கருவிக்கு விட்டம் ஏறக்குறைய 32 முதல் 50 மில்லிமீட்டர். விரல் நுனி வேலைக்கு 6 முதல் 13. பிளையர் மாதிரி இரட்டைப் பிடிக்கு, மூடியிருக்கும்போது இரு பிடிகளின் அகலம் 50 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, திறந்தால் 90ஐத் தாண்டக்கூடாது. பிடியின் நீளம் குறைந்தது 100. 125க்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது.

இந்த எண்கள் எல்லாக் கைக்கும் பொதுவானவை. உங்கள் ஆள் கைக்கு எது என்று தெரிந்துகொள்ள ஒரு மலிவான வழி இருக்கிறது. குழாய்க் கடையில் பிவிசி குழாய்த் துண்டுகள் மூன்று கேளுங்கள்: ஒரு அங்குலம், ஒன்றேகால், ஒன்றரை. வெளி விட்டம் ஏறக்குறைய 34, 42, 48 மில்லிமீட்டர் வரும். ஒவ்வொருவரும் மூன்றையும் பிடித்துப் பார்க்கட்டும். கட்டை விரல் நுனி ஆள்காட்டி விரல் நுனிமேல் கொஞ்சம் ஏறி உட்கார வேண்டும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் அந்தப் பிடி அவருக்குப் பெரிது. விரல் நகம் உள்ளங்கையில் குத்தினால் சின்னது. எங்கள் பட்டறையில் இருவருக்கு 42 பொருந்தியது, ஒருவருக்கு 34. கையுறை போட்டு வேலை செய்பவர் கையுறையோடுதான் பிடித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்குரூ டிரைவர் பிடியின் பருமனைப் பலர் அழகுக்கென்று நினைக்கிறார்கள். ஒரே அழுத்தத்தில் பிடித்தால் திருப்பு விசை பிடியின் விட்டத்தோடு கூடும். 25 மில்லிமீட்டர் பிடியில் வரும் விசையைப்போல 1.4 மடங்கு 35 மில்லிமீட்டர் பிடியில் கிடைக்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் டி வடிவப் பிடிக்குப் போய்விடுங்கள்.

மூன்றாவது படி: மணிக்கட்டு எந்தப் பக்கம் வளைகிறது?

கருவியைப் பிடித்து வேலை செய்யும்போது மணிக்கட்டு முன்கையோடு நேராக இருக்க வேண்டும். சுவரில் அல்லது நிற்கும் தகட்டில் நேராக முன்னோக்கித் தள்ளும் வேலைக்குத் துப்பாக்கிப் பிடி சரி. இடுப்பு உயர மேசையில் கீழ்நோக்கி இறக்கும் வேலைக்கு நேர்ப்பிடி சரி. ஒரே டிரைவரை இரண்டுக்கும் பயன்படுத்தினால் ஏதோ ஒன்றில் மணிக்கட்டு மடங்கும். சில நேரம் கருவியை மாற்றவே வேண்டாம், வேலைப் பொருளின் உயரத்தை மாற்றினால் போதும். எங்கள் வைஸ் ஒன்று தாழ்வாக இருந்தது. அடியில் கனமான மரக்கட்டை வைத்து, தாடையின் மேல் விளிம்பு ஆளின் முழங்கை உயரத்துக்கு வரும்படி ஏற்றினோம். அரம் போடுபவர் முனகுவது நின்றது.

விரலுக்கு விரல் பள்ளம் வெட்டிய பிடிகளை நான் வாங்குவதில்லை. யாரோ ஒருவருடைய விரலுக்கு வெட்டிய பள்ளம் அது.

நான்காவது படி: என்ன பொருளால் ஆனது?

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊர் வெக்கையும் வியர்வையும் பிடியைச் சீக்கிரம் தின்றுவிடும்.

என் தாத்தா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பர் என்றால் எதையும் தாங்கும் என்றுதான் வீட்டில் பேச்சு. பட்டறைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. மினரல் எண்ணெய் உள்ளே புகுந்து உப்பவைத்து, கொழகொழவென்று ஆக்கிவிடும். எண்ணெய் படும் இடத்துக்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும். கையுறைப் பெட்டியில் பார்த்திருப்பீர்கள், அதே நைட்ரைல்தான். வெயில் மழைக்கு நன்றாகத் தாங்கும் இபிடிஎம் ரப்பரும் எண்ணெயில் தோற்றுவிடும். சிலிக்கோன் சூட்டுக்குச் சிங்கம், ஆனால் கூரான விளிம்பு பட்டால் கிழியும்.

கடைக்காரர் எல்லாவற்றையும் “ரப்பர்” என்றே சொல்வார். கேட்டுப் பயனில்லை, சோதித்துப் பாருங்கள். ஒரு பிடியை வாங்கி, அதிலிருந்து ஒரு சின்னத் துண்டு வெட்டி, தடிமனை வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டு, உங்கள் பட்டறையில் உண்மையில் ஓடும் எண்ணெயில் மூன்று நாள் ஊறப் போடுங்கள். நான் போட்ட ஒரு துண்டு 3 மில்லிமீட்டரிலிருந்து ஏறக்குறைய நாலுக்கு வந்து, நகத்தால் கீறினால் பிய்ந்தது. பக்கத்து டம்ளரில் போட்ட இன்னொரு துண்டு அப்படியே இருந்தது. இரண்டும் கடையில் ஒரே கம்பியில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கியவை.

இரண்டு நிறத்தில் மெத்தென்று வரும் ஸ்குரூ டிரைவர் பிடிகள் கடையில் பிடிக்கச் சுகமாக இருக்கும். மலிவானவற்றில் அந்த மெத்தைப் பகுதி ஓரிரு வருடத்தில் பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பிக்கிறது, அதுவும் வெயிலில் நிற்கும் வேனின் டூல் பாக்ஸில் கிடந்தால் இன்னும் சீக்கிரம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்தால் சில வாரம் சரியாகும், அப்புறம் மறுபடி ஒட்டும். கடினப் பிளாஸ்டிக் பிடி கொஞ்சம் வழுக்கினாலும் எனக்கு அதுதான் நம்பிக்கை.

மெஷின் குமிழ்களில் பேக்லைட் பழைய ராஜா. சூட்டுக்கும் எண்ணெய்க்கும் அசையாது. ஆனால் சிமெண்டுத் தரையில் விழுந்தால் சில்லு தெறிக்கும். அடிபடும் இடத்துக்குக் கண்ணாடி இழை கலந்த நைலோன் வாங்குங்கள். உலோகப் பிடி என்றால் நர்லிங் வெட்டியதாக, அதாவது மேலே சொரசொரப்பான வரி போட்டதாகப் பாருங்கள். வைர வடிவ நர்லிங் வழுக்காது. ஆனால் நாள் முழுக்கத் திருப்பும் பிடியில் கூரான வைர நர்லிங் இருந்தால் கை புண்ணாகும். அரத்தை அதன்மேல் ஒரு முறை லேசாக ஓட்டி முனையை மழுக்கிவிடுங்கள்.

பட்டர்வொர்த் பக்கம் கடற்காற்று படும் பட்டறை என்றால் துருப்பிடிக்காத எஃகில் 304 ரகத்தை விட 316 ரகம் மேல். உப்புக்காற்றில் 304இல் பழுப்புப் புள்ளி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவது படி: கைக்குப் பதிலாகப் பிடிக்கும் கருவிகள்

முதல் படியில் எழுதிய மூன்றாவது பட்டியலை இப்போது எடுங்கள்.

வைஸ் வாங்கும்போது தாடை அகலத்தை மட்டும் பார்க்காதீர்கள். வார்ப்பிரும்பு வைஸ் பிடிப்பதற்கு நன்றாக இருக்கும், ஆனால் சுத்தியலால் அடித்து வளைக்கும் வேலைக்கு வெடித்துவிடலாம். அதற்கு அடித்து உருவாக்கிய எஃகு வைஸ் வேண்டும். பழையது போதும் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் சந்தைக்குப் போகலாம். வெள்ளைத் தாள் ஒன்றை வைஸ் தாடையின் இடது ஓரத்தில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், அப்புறம் வலது ஓரத்தில். ஒரு பக்கம் நழுவினால் தாடை சாய்ந்திருக்கிறது. வைஸ் பிடியில் குழாயைச் சொருகி இறுக்குவதை எங்கள் பட்டறையில் தடை செய்திருக்கிறேன். அலுமினியப் பொருளைப் பிடிக்க, 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள, எல் வடிவ அலுமினிய ஆங்கிளில் இரண்டு துண்டு வெட்டித் தாடைமேல் உட்கார வையுங்கள். பல் பதியாது.

பூட்டும் பிளையர், நாம் எல்லோரும் வைஸ் கிரிப் என்று சொல்வது, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் வில்லியம் பீட்டர்சன் என்ற டேனிஷ் கொல்லர் 1920களில் உருவாக்கியது. வெல்டிங் மூலையில் இது இல்லாமல் வேலை ஓடாது. ஆனால் நட்டைக் கழற்றுவதற்கு எடுத்தால் மூலைகளைத் தின்றுவிடும். பின்பக்கத் திருகைச் சரியாக வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கையால் அளவான பலத்தில் அழுத்தினால் ‘டக்’ என்று பூட்ட வேண்டும். இரண்டு கை வேண்டியிருந்தால் திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள். வெல்டிங் பொறி பட்டுத் திருகின் புரி கெட்டுவிடும், அதனால் அதற்கென்று ஒரு ஜோடியைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

பைப் ரெஞ்ச், வாட்டர் பம்ப் பிளையர் இரண்டையும் வாய் திறந்திருக்கும் பக்கமாகத்தான் திருப்ப வேண்டும். திருப்பத் திருப்பப் பல் ஆழமாகக் கடிக்கும். எதிர்த்திசையில் திருப்பினால் வழுக்கி, விரல் முட்டி சுவரில் மோதும். பைப் ரெஞ்சில் குழாய்க்கும் வாயின் பின்சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். குரோம் பூசிய குழாய்க்குப் பட்டை ரெஞ்ச், அவ்வளவுதான்.

ஜிக் செய்பவர்களுக்கு, லீவரைத் தள்ளினால் பூட்டிக்கொள்ளும் டாகிள் கிளாம்ப் தெரிந்திருக்கும். அதன் பட்டியலில் அச்சடித்திருக்கும் கிலோ கணக்கு பெரும்பாலும் தாங்கும் திறன்: பூட்டிய பிறகு எவ்வளவு எதிர்விசை வந்தாலும் திறக்காமல் நிற்கும் என்பது. அது பொருளை அழுத்தும் விசை ஆகாது. அழுத்தும் விசை அதைவிடக் குறைவாகவே இருக்கும். நாங்கள் இதைக் குழப்பிக்கொண்டு செய்த முதல் ஜிக்கில் பொருள் நகர்ந்து, 40 பிராக்கெட் குப்பைக்குப் போனது.

ஆறாவது படி: மெஷினில் பொருத்தும் பிடிகள்

இங்கே அளவு தப்பினால் வாங்கியது பெட்டியிலேயே கிடக்கும். பழைய குமிழைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். புரி எம்8ஆ எம்10ஆ (8 மில்லிமீட்டரா, 10 மில்லிமீட்டரா) என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பழைய இயந்திரங்களில் அங்குலப் புரியும் இருக்கும். ஒரு நட்டைப் போட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக்கிலேயே வெட்டிய புரியைவிடப் பித்தளை அல்லது எஃகு உறை பதித்தது மேல்.

கைச்சக்கரத்தில் பொருத்தும் பிடி தன் அச்சில் தானே சுழலும் வகையாக இருக்கட்டும். நிலையான பிடி ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளங்கையில் தேயும். முழுச் சுற்றுக்கு இடமில்லாத மூலையில் தூக்கித் திருப்பும் லீவரைப் போடுங்கள். இறுக்கிய பிறகு மேலே தூக்கினால் பற்கள் விடுபடும். வேண்டிய பக்கம் திருப்பி விட்டுவிடலாம். எண்ணெய்க் கையால் இறுக்கும் இடத்துக்கு உருண்டைக் குமிழைவிட நட்சத்திர வடிவம் நல்லது.

கதவு, மூடி, ஜிக் தட்டு ஆகியவற்றைத் தூக்கும் யு வடிவப் பிடிக்கு இரு துளைகளின் நடுவிலிருந்து நடுவரை அளந்து வாங்குங்கள். உள்ளே கை நுழையும் இடைவெளி 50 மில்லிமீட்டர், அகலம் 120 என்று நான் வைத்திருக்கிறேன். கையுறையோடும் நுழையும்.

ஏழாவது படி: மின்சாரம், ஸ்டேட்டிக், அதிர்வு

சிவப்புப் பிளாஸ்டிக்கில் முக்கியெடுத்த பிளையர் பிடி வெறும் சுகத்துக்கு. அது மின்காப்பு ஆகாது. மின் வேலைக்கு இரட்டை முக்கோணச் சின்னமும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் ஐஇசி 60900 தர எண்ணும் பிடியில் பதிந்திருக்க வேண்டும். பிடியில் வெட்டோ வெடிப்போ இருந்தால் அது மற்ற வேலைக்கு மட்டும்.

மின்னணுப் பாகங்களைத் தொடும் வேலைக்கு, உராய்வில் உடம்பில் சேரும் ஸ்டேட்டிக் மின்னூட்டத்தை மெதுவாக வடித்துவிடும் பிடி வேண்டும். மின்காப்புப் பிடிக்கு நேர் எதிரான குணம் இது. இரண்டும் ஒரே டிராயரில் கலந்து கிடக்கக் கூடாது, நாங்கள் நிற டேப் ஒட்டிப் பிரித்து வைத்திருக்கிறோம்.

கிரைண்டர் பிடியில் தடித்த ரப்பர் சுற்றினால் அதிர்வு போய்விடும் என்று நம்பாதீர்கள். பிடி பருத்து, இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டி வரும். கருவியின் கையேட்டில் அதிர்வு அளவு இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். ஐரோப்பாவில் எட்டு மணி நேரச் சராசரி 2.5 மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயரைத் தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும், 5ஐத் தாண்டவே கூடாது. நம் மலேசியாவிலும், திருத்திய தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, சின்னப் பட்டறையானாலும் இடர் மதிப்பீடு முதலாளியின் பொறுப்பு. முதல் படியில் எழுதிய நோட்டுப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள், அந்த மதிப்பீட்டைத் தொடங்க அது உதவும்.

எட்டாவது படி: ஒன்று வாங்கி, ஒரு வாரம் கொடுங்கள்

டஜன் விலை மலிவுதான். இருந்தாலும் முதலில் ஒன்றே ஒன்று வாங்கி, அதை அதிகம் பயன்படுத்துபவரிடம் ஒரு வாரம் கொடுங்கள். முதல் நாளே ஒரு சோதனை செய்யலாம்: பிடி முழுக்க மார்க்கிங் ப்ளூ என்ற நீல மையை மெல்லிசாகத் தடவி, அவரை நாலைந்து முறை வேலை செய்யச் சொல்லி, கையை விரித்துப் பாருங்கள். நீலம் உள்ளங்கையில் பரவலாகப் படிந்திருந்தால் சரி. ஒரே இடத்தில் அடர்ந்த பொட்டாக, அல்லது கோடாக விழுந்தால் அங்கேதான் நாளைக்கு வலிக்கும்.

நான் அந்தப் பையனுக்குப் புதிதாக வாங்கிய பிளையரின் பிடி 130 மில்லிமீட்டர், விரிந்தால் 85, தானாகத் திறக்கவைக்கும் ஸ்பிரிங் உள்ளே உண்டு. நீலம் தடவிக் கொடுத்தேன். கையை விரித்துக் காட்டினான், நன்றாகப் பரவியிருந்தது. எனக்குத் திருப்தி. இரண்டாம் நாள் வந்து, “பிடி நல்லா இருக்குண்ணே, இந்தப் பூட்டுத்தான்...” என்று இழுத்தான். பிளையரை மூடி வைக்கும் சின்னப் பூட்டு, வலது கைக் கட்டை விரலுக்கு வாகாக ஒரு பக்கத்தில் இருந்தது. அவன் இடது கைக்காரன். மூன்று வருடமாகக் கூடவே வேலை செய்கிறான், நான் கவனித்ததில்லை. கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூட்டு நடுவில் இருக்கும் வேறொன்றை மாற்றி எடுத்து வந்தோம். இந்த முறை அவனையும் கூட்டிக்கொண்டு போனேன்.